டிராம் படத்தின் பின்பக்கம்

கண்ணா,

வீடு மாற்றும்போது கிடைத்தது என்று நீ அனுப்பிய இரண்டு போட்டோவும் வந்தன. ஒரு பக்கம் நீ வரைந்த 18ஆம் நம்பர் டிராம். எங்கள் ஜெனீவா துகள் ஆய்வுக்கூடமான செர்னின் வாசல் வரைக்கும் அந்த டிராம் வர ஆரம்பித்திருந்த காலம். நீ வேறெதையுமே வரையமாட்டாய். மறுபக்கம் இருக்கும் புள்ளியும் கோடும் என்ன, தாளைக் குப்பையில் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். போட்டுவிடாதே. அது 2013இல் நான் ஆபீசில் பிரிண்ட் எடுத்து, இனி வேண்டாம் என்று உனக்கு வரையக் கொடுத்த தாள்.

ஹிக்ஸ் துகளைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்த 2012 ஜூலை 4 உனக்கு நினைவிருக்கும், அப்போது உனக்குப் பத்து வயது. அரங்கத்தில் இடம் பிடிக்க இளசுகள் முந்தின இரவே வாசலில் படுத்துக் கிடந்தார்கள். எனக்கு இடம் கிடைக்கவில்லை. அப்படி ஒரு துகள் உண்டு என்று முன்பே சொன்ன பீட்டர் ஹிக்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பக்கத்துக் கட்டடத்துத் திரையில்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் நீ கேட்டது ஒன்றே ஒன்று: "கண்டுபிடிச்சாச்சுல்ல, இனிமே சீக்கிரம் வந்துடுவியாம்மா?" ம் என்று சொல்லிவைத்தேன். எனக்கே அப்படி ஒரு நப்பாசை இருந்தது.

அன்று நாங்கள் பார்த்தது, ஹிக்ஸ் இரண்டு ஃபோட்டானாகவோ (ஒளித்துகள்) இரண்டு இசட் போசானாகவோ சிதைவதை. விசைகளைச் சுமக்கும் துகள்களோடு அதற்கு உறவு உண்டு என்பது உறுதியானது. சரி, எலக்ட்ரான், குவார்க் போல பொருளைக் கட்டுகிற ஃபெர்மியான்களுக்கு? அவற்றின் நிறையும் எங்கும் பரவியிருக்கும் அதே ஹிக்ஸ் புலத்திலிருந்து வருகிறது என்றுதான் கோட்பாடு சொல்கிறது. ஆனால் அது தனிக் கணக்கு. ஒவ்வொரு ஃபெர்மியானுக்கும் ஓர் எண்ணைக் கையால் எழுதிப் போட்டதுபோல் அதில் சேர்த்திருக்கிறார்கள். கையால் போட்ட எண்ணைச் சரிபார்க்காமல் விட எனக்கு மனசு வரவில்லை. (பத்திரிகைக்காரர்கள் எழுதுவதுபோல் உலகத்து எடை முழுவதும் ஹிக்ஸ் தந்ததல்ல. உன் எடையில் பெரும்பங்கு புரோட்டானுக்குள் குவார்க்குகளைக் கட்டிவைத்திருக்கும் விசையின் ஆற்றல். ஆனால் எலக்ட்ரானுக்கு நிறை இல்லாவிட்டால் அணுவே இல்லை.)

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஹிக்ஸ் நூற்றுக்கு 58 தடவை பாட்டம் என்ற கனமான குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்குமாகத்தான் சிதைகிறது. முதலில் பிடிபட்ட இரட்டை ஃபோட்டானோ ஆயிரத்துக்கு இரண்டு. அவ்வளவு அபூர்வமானது கண்ணில் பட்டது, தினமும் நடப்பது படவில்லை. ஏனென்றால் புரோட்டான்கள் மோதும்போது ஹிக்ஸ் இல்லாமலே பாட்டம் ஜோடிகள் கொட்டும், ஹிக்ஸைப் போல கோடி மடங்கு. உன் பாட்டி முறத்தில் அரிசி புடைத்துக் கல் பொறுக்குவாரே, கல்லுக்கு நிறம் வேறு. எங்களுக்கு அரிசிக்குள் அரிசியைப் பொறுக்கும் வேலை.

அதனால் ஒரு குறுக்கு வழி. ஹிக்ஸ் சில சமயம் டபிள்யூ அல்லது இசட் போசானோடு ஜோடியாகப் பிறக்கும். நூற்றுக்கு நாலுதான் அப்படி. ஆனால் கூட வரும் அந்தத் துணை எலக்ட்ரானாகவோ அதன் கனமான உறவான மியூவானாகவோ சிதைந்தால் பளிச்சென்று தெரியும். மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு அந்த நாலை மட்டும் வைத்துக்கொண்டோம். அப்புறம், வந்தது பாட்டம்தானா என்று பார்க்க வேண்டும். பாட்டம் குவார்க்கைச் சுமக்கும் துகள் பிறந்த இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் ஓடிவிட்டுத்தான் உடையும். பிரான்சின் செஸ்ஸியில் நிலத்துக்கடியில் 14,000 டன் எடையில் உட்கார்ந்திருக்கிற எங்கள் சி.எம்.எஸ். கருவியின் நட்டநடுவே இருக்கும் சிலிக்கான் அடுக்குகள் அந்தச் சில மில்லிமீட்டரைப் பார்ப்பதற்குத்தான். நீ ஒருமுறை இதைக் கேட்டுவிட்டு "இவ்ளோ பெருசா கட்டி இத்துனூண்டு பாக்குறீங்களா?" என்று சிரித்தாய்.

இப்போது உன் தாளைப் பார். கிடைமட்டத்தில் நிறை, புரோட்டானின் நிறை ஏறக்குறைய 1 என்கிற அளவில். இடப்பக்கம் 91க்கு அருகே இருக்கிற பெரிய மேடு இசட். அதுவும் பாட்டம் ஜோடியாகச் சிதையும். அதைச் சரியான இடத்தில் பார்க்கத் தெரியாதவன் ஹிக்ஸைப் பார்த்தேன் என்று சொல்லக் கூடாது. அதன் வலது தோளில், ஹிக்ஸின் நிறையான 125 கிட்டே, சிவப்பில் ஒரு சின்னப் புடைப்பு. அன்றைக்கு அதன் பலம் 2 சிக்மாவை ஒட்டித்தான் (தற்செயல் அல்ல என்று எவ்வளவு நம்பலாம் என்பதற்கான அளவு அது). கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 வேண்டும். அதாவது தற்செயலாக அப்படி வர 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் இருக்க வேண்டும். அந்த வருஷமே ஹிக்ஸ் டௌ லெப்டானாக (எலக்ட்ரானின் இன்னும் கனமான உறவு) சிதைவதைத் தேடிய ஆட்களுக்கு எங்களைவிட நல்ல சேதி கிடைத்தது. பொறாமையாகத்தான் இருந்தது.

அப்புறம் புரோட்டான்களை மோதவைக்கும் மோதுகலனை இரண்டு வருஷம் மூடினார்கள். நான் ஒழுங்காகத் தோசை வார்த்துப் போட்டது அந்த இரண்டு வருஷம்தான், நீயே சொல்வாய். 2015இல் முன்பைவிட அதிக ஆற்றலில் (13 டி.இ.வி.) மறுபடி ஓடியது. 2016இல் கீரி மாதிரி ஒரு பிராணி மின்மாற்றியில் ஏறி ஷாக் அடித்துச் செத்து, இயந்திரமே நின்றுபோனது. அதைப் பள்ளிக்கூடம் முழுக்க நீ சொல்லித் திரிந்தாய். நாங்கள் செய்த எதையும் நீ அவ்வளவு ஆசையாகச் சொன்னதில்லை.

2018 கோடையில் பெரியத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு உன்னையும் அப்பாவையும் மட்டும் ஊருக்கு அனுப்பினேன். அத்தை இன்னும் சொல்லிக்காட்டுகிறார். எங்கள் தேடலில் ஹிக்ஸ் இருக்க வேண்டிய பகுதியைக் கடைசி வரை திறந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் ஆசை கையைத் திருப்பிவிடும். முறைகளையெல்லாம் முடிவு செய்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். திறக்கிற நேரமும் முகூர்த்த நேரமும் ஒன்றாக வந்தால் நான் என்ன செய்ய? ஹிக்ஸ் பாட்டமாகச் சிதைவதைப் பார்த்துவிட்டோம் என்று ஆகஸ்ட் 28 அறிவித்தோம்: எங்களுக்கு 5.6 சிக்மா, அதே மோதுகலனில் இன்னொரு கருவியை வைத்திருக்கும் அட்லஸ்காரர்களுக்கு 5.4. கையால் போட்ட எண், பிழைவரம்புக்குள், சரியாக இருந்தது. அரங்கத்து வாசலில் யாரும் படுத்துக் கிடக்கவில்லை. நான் டிராமில் ஊருக்குள் போய் தனியாக ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இப்போது மியூவான். ஹிக்ஸ் ஐயாயிரத்தில் ஒரு தடவைதான் மியூவான் ஜோடியாகும். 2020இல் எங்களுக்கு 3 சிக்மா கிடைத்தது. ஆகவே உன் பழைய கேள்விக்கு இன்னும் ம் என்றுதான் பதில்.

ஒன்று கவனித்தாயா? நீ பேனாவை அழுத்தி அழுத்தி வரைவாய். டிராமின் பின்சக்கரம் தாளின் மறுபக்கத்தில் மேடு தட்டியிருக்கிறது. போட்டோவைப் பெரிதாக்கிப் பார், சரியாக 125இல். அடுத்த வாரம் வரும்போது தாளை மடிக்காமல் கொண்டு வா, என் மேஜைக்கு மேலே ஒட்ட வேண்டும்.

அம்மா