சைக்கிள் சவாரிக் கழகம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, இவர்களை விடியற்காலையில் எழுப்பி அனுப்பிவைக்கும் குடும்பத்தினரே,

சென்ற ஆண்டறிக்கை சுருக்கம் என்று சிலர் குறைப்பட்டார்கள், நீளம் என்று வேறு சிலர். இம்முறை எங்கே சொல்ல விஷயம் இருக்கிறதோ அங்கே சற்று நிற்கிறேன், மற்றதை ஓடிக் கடக்கிறேன். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

நமது கழகம் 2022இல், எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்துப் பெற்றோல் வரிசையில் பிறந்தது என்பதைப் புதிய அங்கத்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவைக்கிறேன். எரிபொருள் நிலையத்துக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு இரவுபகலாகக் காத்துக் கிடந்தவர்கள், வீட்டுக் கிணற்றடியில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளை எடுத்துக் கழுவினார்கள். புதுச் சைக்கிளின் விலை இரண்டு மடங்கைத் தாண்டிப் போனது. பழைய லுமாலாச் சைக்கிள் ஒன்றை வைத்திருந்தவரை ஊரே மரியாதையாகப் பார்த்தது. பிறகு எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தது, பெற்றோலும் மெல்ல வந்தது. சைக்கிள்கள் பல மறுபடியும் கிணற்றடிக்கே போயின. தேவை தீர்ந்த பிறகும் இறங்க மனமில்லாமல் இருந்தவர்கள்தான் இந்த மண்டபத்தில் இருக்கிறோம்.

ஆண்டின் முக்கியமான தீர்மானம் காற்றைப் பற்றியது. வெளியூரார் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் நமது மட்டக்களப்பு மாவட்டத்தில் சைக்கிள் ஓடுகிறவருக்கு ஏற்றம் என்றால் பாலம் மட்டுந்தான். கல்லடிப் பாலம், ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு, இவற்றை விட்டால் நிலம் தட்டை. மலைநாட்டுக்காரருக்கு மலை செய்யும் வேலையை நமக்குக் காற்று செய்கிறது. மார்கழி, தையில் வடக்கிலிருந்து வாடைக் காற்று. வைகாசிக்குப் பிறகு கச்சான், மேற்கே மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு வெறும் சூட்டோடு இறங்கிவரும் காற்று. அது வீசும் மாதங்களில் வவுணதீவுப் பக்கம் போய்வந்தவருக்கு உதடு வெடித்திருக்கும்.

தை மாதச் சவாரியில் தெற்கே களுவாஞ்சிகுடிக்குப் போனோம். வாடை முதுகில் இருந்தது. எல்லாரும் பறந்தார்கள். "இண்டைக்குக் கால் நல்லா ஓடுது" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள். பின்காற்றின் குணம் அப்படி. நாமும் காற்றோடு சேர்ந்து போவதால் அது காதில் இரைவதில்லை, முகத்தில் அடிப்பதில்லை, தன்னைக் காட்டிக்கொள்வதே இல்லை. தன் காலில் பலம் கூடிவிட்டது என்றுதான் ஓடுகிறவர் நினைப்பார். திரும்பும்போது அதே காற்று எதிரே நின்றது. குருக்கள்மடம் தாண்டுவதற்குள் வரிசை சிதறியது. ஆரையம்பதியில் சிலர் சைக்கிளைத் தெரிந்த வீட்டில் போட்டுவிட்டு பஸ் ஏறினார்கள்.

அதன் பிறகு கூடிய நிர்வாக சபை இரண்டு விதிகளை நிறைவேற்றியது. முதலாவது, எந்தச் சவாரியும் எதிர்க்காற்றில் தொடங்கிப் பின்காற்றில் முடிய வேண்டும். ஆகவே வாடைக் காலத்தில் வடக்கே ஏறாவூர், செங்கலடி. கச்சான் காலத்தில் மேற்கே, வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரை. இரண்டாவது, எதிர்க்காற்றில் பலமானவர்கள் முறைவைத்து முன்னால் நிற்க வேண்டும், வயதானவர்களும் புதியவர்களும் அவர்கள் முதுகுக்குப் பின்னால். இதில் வெறும் மரியாதை மட்டுமில்லை, கணக்கும் இருக்கிறது. வேகம் இரட்டித்தால் காற்றுத்தடை நான்கு மடங்காகும். தட்டை நிலத்தில் சற்று வேகமாக ஓடும் ஒருவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போகிறது. பந்தயக்காரர்கள் முன்னாலுள்ளவரின் பின்சில்லை ஒட்டி ஓடி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பை மிச்சம் பிடிப்பார்கள். நம்மைப் போல மெதுவாகப் போகிறவர்களுக்கு இலாபம் அதைவிடக் குறைவு, ஆனால் அறுபது வயதுக்காரரின் முழங்காலுக்கு அந்தக் குறைவும் பெரிதுதான்.

இந்த விதிகள் வந்த பிறகு இளைப்பாறும் இடங்களில் பேச்சே மாறிவிட்டது. ஆயித்தியமலைப் பக்கம் ஒரு மருத நிழலில் நின்றபோது, ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், கேட்காமலே, தன் மூத்த அக்காவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவர் படிக்க வேண்டும் என்று அக்கா எட்டாம் வகுப்போடு நின்றாராம். "பல்கலைக்கழகம் போனது என்ட கெட்டித்தனமெண்டுதான் கனகாலம் நினைச்சிருந்தன்" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. போத்தலில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு ஏறினோம். சவாரி அறிக்கையில் இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, ஆகவே காற்றின் கீழேயே எழுதுகிறேன்.

பங்குனியில் காரைதீவுச் சவாரி. சுவாமி விபுலாநந்தர் 1892 மார்ச் 27 அன்று பிறந்தது காரைதீவில்; 1947இல் மறைந்தபின் அடக்கமானது கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலய வளவில். நாம் அந்தச் சமாதியில் பூ வைத்து, அவர் பிறந்த ஊரை நோக்கி ஓடினோம். சமாதியில் தொடங்கிப் பிறந்த ஊரில் முடியும் பயணம். "நாங்க எல்லாரும் மற்றப் பக்கமாப் போய்க்கொண்டிருக்கிறம், இண்டைக்கு மட்டுந்தான் திருப்பி ஓடுறம்" என்று ஒரு மூத்த அங்கத்தவர் சொன்னதும், அதுவரை பயபக்தியாக நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அது நோன்பு மாதம். காத்தான்குடி அங்கத்தவர்கள் இருவர் விடியுமுன் உண்ணும் சஹர் உணவை முடித்து, வீதி நடுவே ஈச்சமரங்கள் நிற்கும் இடத்தில் நம்மோடு சேர்ந்தார்கள். களுவாஞ்சிகுடி வரை வந்து திரும்புவது என்பது ஏற்பாடு. அவர்களுக்கு முன்னால் தண்ணீர் குடிக்க நமது ஆட்களுக்குக் கூச்சம். போத்தலை ஒளித்து ஒளித்து எடுத்ததைக் கண்ட மூத்தவர், அண்ணன் என்ற பொருளில் நாம் காக்கா என்று கூப்பிடுபவர், "நோன்பு எனக்குத்தானே, உங்களுக்கில்லையே, குடிங்க தம்பி, வெயில் ஏறுது" என்றார். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது என்று ஊர்கள் இடைவெளியில்லாமல் தொடுத்துக்கொண்டு போகும் அந்தப் பாதையில், எங்கே ஒரு ஊர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பது கடைப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். சைக்கிளில் போனால் வாசனையிலும் தெரியும். திரும்பும்போது சைக்கிள்களைப் பட்டா என்னும் சிறு லொறியில் ஏற்றியதைச் சில இளைஞர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் மாலையில் காத்தான்குடியில் நோன்புக் கஞ்சிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்குப் பட்டாதான் காரணம் என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் மெது சைக்கிள் ஓட்டத்தை நடத்தும் பொறுப்பு நமக்குக் கிடைத்தது. விதி எல்லாருக்கும் தெரியும். சுண்ணாம்புக் கோட்டுக்குள், காலூன்றாமல், கடைசியாக வந்து சேருபவர் வெற்றி. வேகமாகப் போகும்போது சைக்கிள் பெரும்பாலும் தன்னைத் தானே நேராக்கிக்கொள்ளும். மெதுவாக்கினால் அந்த உதவி நின்றுபோகும், விழுகிற பக்கத்துக்கு ஹாண்டிலைக் கணத்துக்குக் கணம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கியர் சைக்கிளும் இறுக்கமான உடுப்புமாக வந்த இளைஞர்கள் முதற் சில அடிகளிலேயே காலை ஊன்றினார்கள். வென்றவர் நமது ஓய்வுபெற்ற தபாற்கார அண்ணன். படலைக்குப் படலை, சைக்கிளிலிருந்து இறங்காமல், மெல்ல ஊர்ந்தபடியே கடிதம் நீட்டிய கை அது. யாரும் அவரோடு போட்டி போட்டிருக்கக் கூடாது.

அவர் சொன்ன இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு நாள் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றோம். 2013இல் புதுப் பாலம் திறந்த பிறகு அந்த இரும்புப் பாலத்தில் அவசரம் போய்விட்டது. மாலையில் காற்று வாங்க வருபவர்களும், தூண்டில்காரர்களும், நிலாக் காலத்தில் பாடும் மீனுக்குக் காது கொடுப்பவர்களும்தான். அண்ணன் வாவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "சேவிஸ் முழுக்க இதால ஓடினன் மனே. வாவி எந்தப் பக்கம் கிடந்ததெண்டு இப்பதான் பாக்கிறன்." சோதனைச் சாவடி இருந்த காலத்தில் தலை குனிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு கடந்தவர்கள் நம்மில் பலர். அப்போது பார்வை அடையாள அட்டையில் இருந்தது. அதே பாதையை இன்று வேறு வேலையில்லாமல் ஓட முடிகிறது என்பதைச் சிறிய விஷயமாக நான் எண்ணவில்லை.

வேறு வேலையில்லாமல் என்று எழுதும்போது ஆவணிச் சவாரி நினைவுக்கு வருகிறது. குறுமண்வெளியில், வாவியைக் கடக்க ஆளையும் வண்டியையும் ஏற்றும் படகுப் பாதையில் ஏறி மண்டூர் போனோம். எத்தனை பாலம் வந்தாலும், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தண்ணீரின் மேல் சும்மா நிற்கும் அந்த நேரத்துக்காகவே நான் இந்தப் பாதையைச் சிபாரிசு செய்வேன். மண்டூர்க் கந்தனைக் கும்பிட்டு, வெல்லாவெளி, பழுகாமம் வழியாகக் கொக்கட்டிச்சோலை, பிறகு மண்முனைப் பாலம். மண்முனையிலும் 2014 வரை படகுப் பாதைதான் ஓடியது. வெல்லாவெளிக்கு அப்பால் ஒருவர் கரியர் முழுக்க விறகு கட்டிய சைக்கிளைக் கச்சானுக்கு எதிராகத் தள்ளிக்கொண்டு வந்தார். நமது பையன்கள் இறங்கிப் பின்னால் பிடித்துத் தள்ளினார்கள். தலைக்கவசங்களையும் பளிச்சென்ற மேலுடுப்புகளையும் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"எங்க தம்பி போறீங்க?"

"சும்மா ஒரு சுத்து ஐயா."

"சும்மாவா? இந்தக் காத்துக்கையா?"

அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். வீட்டு வாசல் வரை தள்ளிவிட்டோம், மோர் தந்தார். அந்த ஊர்களில் சைக்கிள் இன்னும் விறகுக்கும் பாலுக்கும் நெல்லுக்குமானது. அவருக்குச் சொல்லும்படி ஒரு நல்ல பதிலை நமது கழகத்தில் யாராவது வைத்திருந்தால் அடுத்த கூட்டத்தில் முன்வைக்கலாம்.

கைத்தொலைபேசியில் வேகத்தையும் தூரத்தையும் பதிவுசெய்யும் விவகாரம் இரண்டு கூட்டங்களைத் தின்றது. இளைஞர் பிரிவு எல்லாரும் அதற்கான ஸ்ட்ராவா செயலியைப் போட வேண்டும் என்றது. மூத்தவர்கள் அது வேவு என்றார்கள். இறுதியில், விரும்பியவர் போடலாம், சவாரியின் வேகத்தைக் கடைசி ஆளே தீர்மானிப்பார் என்று முடிந்தது. வேகம் வேண்டியவர்களுக்கு மாதத்தில் ஒரு நாள் கல்முனை வரை தனி ஓட்டம் உண்டு. நானும் ஒரு நாள் அவர்களோடு ஓடிப் பார்த்தேன். ஊர்களின் பெயர் ஒன்றும் நினைவில் நிற்கவில்லை, முன்னால் போனவரின் பின்சில்லு நன்றாக நினைவிருக்கிறது. சிலருக்கு அதுவும் ஒரு சுகம், சரி.

பெண் அங்கத்தவர்கள் இவ்வாண்டு கூடியிருக்கிறார்கள். பள்ளிக்காலத்து லேடீஸ் சைக்கிளிலேயே செங்கலடி போய்வருகிறார்கள். வீதியோரத்தில் நின்று விமர்சிப்பவர்கள் பற்றி முறைப்பாடு வந்தது. இனிப் பெண்கள் வரிசையின் நடுவில் ஓடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பெண்கள் முன்னாலேயே ஓடுவோம் என்றார்கள். அப்படியே நடக்கிறது, எதிர்க்காற்று முறையிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

இனிக் குறைகள். கட்டாக்காலி மாடுகள் மழைக்காலத்தில் சூடான தார்வீதியில் படுப்பது பழைய கதை. நமது அங்கத்தவர் ஒருவர் இருட்டில் கறுப்பு மாடொன்றின் மேல் ஏறி முன்பல்லை இழந்தார், மாட்டுக்கு ஒன்றுமில்லை. சம்பந்தப்பட்ட இடத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. உன்னிச்சைப் பக்கச் சவாரிகள் யானைகள் காரணமாகப் பொழுது சாயுமுன் வலையிறவுப் பாலத்துக்கு இப்பால் வந்துவிட வேண்டும். இதில் விலக்கில்லை, யானை கடைசி ஆளுக்காகக் காத்திருக்காது. நவம்பர் கடைசியில் மாவட்டமெங்கும் வெள்ளம் வந்ததால் சவாரிகள் நின்றன. அந்த நாட்களில் சமைத்த உணவைச் சுமந்து, பட்டா போக முடியாத ஒழுங்கைகளுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன அங்கத்தவர்களுக்குக் கழகம் நன்றி சொல்கிறது. பெயர் வாசிக்க வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டுக்கு மூன்று யோசனைகள் சபையின் முன் வைக்கப்படுகின்றன. பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்கு ஒரு அதிகாலைச் சவாரி. கிணற்றடியில் கிடக்கும் சைக்கிள்களை வாங்கித் திருத்திப் படுவான்கரைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது. செயினும் பிரேக் கட்டையும் மாற்றப் பொருளாளர் ஒரு சிறு தொகை ஒதுக்கச் சம்மதித்திருக்கிறார். மூன்றாவது, பின்விளக்கு இல்லாத சைக்கிளை விடியுமுன் தொடங்கும் சவாரியில் சேர்ப்பதில்லை. இந்த மூன்றாவதைப் பற்றி விவாதம் வேண்டாம் என்று தலைவரைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கழகத்தின் காற்றடிக்கும் நிலப்பம்ப் ஐப்பசியிலிருந்து காணவில்லை. எடுத்தவர் திருடவில்லை, மறந்திருக்கிறார் என்றே நிர்வாக சபை கருதுகிறது. அடுத்த ஞாயிறு ஏறாவூர்ச் சவாரிக்கு வரும்போது கொண்டுவந்துவிடவும். அறிக்கையை ஏற்று நிறைவேற்றுமாறு சபையை வேண்டுகிறேன்.

செயலாளர்
மட்டக்களப்பு