தனியாக வாழ்ந்த என் அண்ணன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்யாணம் செய்யாமல் தனியாக வாழும் முதியவர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அக்கறையோடு எழுதிய கட்டுரைதான். ஆனால் அதில் வரும் எல்லோரும் பரிதாபத்துக்கு உரியவர்களாகவே தெரிகிறார்கள். ஐப்பசியில் காலமான என் அண்ணனை அந்த வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் கொடைக்கானல் மலையில், பூம்பாறைக்கு மேலே தகரக் கூரை போட்ட வீட்டில் இருந்தார். இளவயதில் திண்டுக்கல்லில் கிடைத்த எழுத்தர் வேலையை விட்டுவிட்டு மலையேறியவர். அப்பா சில வருஷம் அவரோடு பேசவே இல்லை. பூண்டு போட்டார், பீன்ஸ் போட்டார், மலையில் நடக்க வருகிறவர்களுக்கு வழி காட்டினார். காசு இருந்தால் செலவழிப்பார். இல்லாவிட்டால் யாரிடமும் கேட்க மாட்டார். செல்போன் கடைசிவரை வாங்கவில்லை.

கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக ஏறும் பழைய பாதை அவருக்கு உயிர். மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் பெரியகுளம் பக்கமிருந்து கொடைக்கானலுக்குப் போனவர்கள் இப்படித்தான் ஏறினார்கள். துரைமாரை நாற்காலியில் வைத்து ஆட்கள் தூக்கிப் போனார்கள். அந்தச் சுமைக்காரர்களைப் பற்றித்தான் அண்ணன் அதிகம் பேசுவார். வெள்ளகவியில் ஊருக்குள் செருப்புப் போடுவதில்லை. கூட வருகிறவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் ஊர் எல்லையிலேயே கழற்றச் சொல்லிவிடுவார். 2013-இல் கொடைக்கானல் காடு சரணாலயம் ஆன பிறகு, அனுமதி இல்லாமல் ஒருவரையும் காட்டுக்குள் கூட்டிப் போனதில்லை.

குறிஞ்சி பூத்த 1994, 2006, 2018 மூன்று வருஷமும் பார்த்தவர். 2018-இல் என்னையும் கூட்டிப் போனார். பூவை விட, பூ இல்லாத சரிவுகளைத்தான் அதிகம் காட்டினார். "இதெல்லாம் புல்வெளிம்மா. தோல் பதனிடப் பட்டை வேணும்னு சீகை மரத்தை நட்டாங்க. இப்ப அது நட்ட இடத்தோட நிக்கலை" என்றார். புல்லும் சோலைக் காடும் மழையைப் பிடித்து வைத்து மெல்ல விடுவதால்தான் கோடையிலும் ஓடை ஓடுகிறது, கீழே இருக்கிற நீங்கள் குடிப்பது அந்தத் தண்ணீர்தான் என்பார். வீட்டுக்குப் பின்னால் சோலை மரக் கன்றுகள் வளர்த்து, கேட்டவர்களுக்குச் சும்மா கொடுத்தார்.

பொறுப்பில்லாதவர் என்பார்கள் சொந்தக்காரர்கள். அம்மா படுத்த படுக்கையானபோது வத்தலக்குண்டுக்கு இறங்கி வந்து, கடைசிவரை கூடவே இருந்தது அவர்தான். குளிப்பாட்டினார், தலை வாரிவிட்டார், இரவெல்லாம் விழித்திருந்தார். காரியம் முடிந்ததும் மலைக்குக் கிளம்பிவிட்டார். சொத்துப் பேச்சுக்குக்கூட நிற்கவில்லை.

எளிதான மனிதர் என்று சொல்ல மாட்டேன். என் கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்த பிறகுதான் வந்தார், தோளில் ஒரு மூட்டை பேரிக்காயோடு. மூச்சிரைப்பு வந்த பிறகும் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் தனியாக இருப்பதை அவரே விரும்பி எடுத்துக்கொண்டார், அதில் நிறைவாகவும் இருந்தார். அவரை எரியூட்டிய அன்று தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்து நின்றவர்களில் பாதிப் பேரை எங்களுக்குத் தெரியாது. அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது இப்படிப்பட்டவர்களையும் தேடிப் பேசுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அவரோடு நடந்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். யாருடைய எண்ணும் அவரிடம் இல்லாததால் எங்களால் சொல்லியனுப்ப முடியவில்லை. இந்தக் கடிதத்தைப் போட்டால் அவர்களுக்குத் தெரியவரும். கன்றுகளுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தண்ணீர் ஊற்றி வருகிறார். நட இடம் உள்ளவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

– ஒரு வாசகி,
வத்தலக்குண்டு