பள்ளியை முடித்தவர் பொய்யர் ஆகிவிடுவாரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் வாரந்தோறும் வரும் ஆங்கிலப் பகுதியை நான் தவறாமல் படிப்பதோடு, அதைக் கத்தரித்து வைத்திருந்து, வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்க என்னிடம் உதவி கேட்டு வரும் மாணவர்களிடம் காட்டியும் வருகிறேன். சென்ற வாரம் அப்பகுதியில், "பள்ளிப் படிப்பை மட்டும் முடித்தவர் தம்மைக் 'கிராஜுவேட்' என்று எழுதிக்கொள்வது அறியாமை மட்டுமன்று, பொய்யும் ஆகும்" என்று ஒரு வாக்கியம் வெளியாகியிருந்தது. அறியாமை என்பதோடு நிறுத்தியிருந்தால், வழக்கம்போல் முணுமுணுத்துவிட்டு நானும் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். பொய் என்று எழுதியதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பை முறைப்படி முடித்த பிள்ளை 'ஹைஸ்கூல் கிராஜுவேட்' என்பதும், அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையே கல்வித் தகுதியை அந்தப் பெயரில்தான் வகைப்படுத்துகிறது என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. பள்ளியை முடிக்க இயலாமற்போனவர்களுக்காக, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942இல், படைவீரர்களை மனத்தில் கொண்டு தொடங்கப்பட்ட 'ஜி.இ.டி.' என்னும் இணைத் தேர்வு இன்றும் நடக்கிறது. அந்தத் தேர்வுக்கே ஒரு வரலாறு இருக்கும்போது, பள்ளியை ஒழுங்காக முடித்தவரைக் குறிக்கும் சொல் எப்படிப் பொய்யாகும்? பிரிட்டனில் 'கிராஜுவேட்' என்றால் மரபுப்படி பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்தான்; பள்ளியை முடித்தவர் 'ஸ்கூல் லீவர்'. தங்கள் கட்டுரையாளர் அறிந்திருப்பது அந்த ஒரு நாட்டு வழக்கை மட்டுமே என்றால் அதில் குற்றமில்லை. ஆனால் அதை உலகத்துக்கே சட்டமாக்கி, மீறுபவர்களைப் பொய்யர் என்று தீர்ப்பெழுதும் அதிகாரத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்பதைத் தாங்கள்தான் விளக்க வேண்டும்.

அந்த பிரிட்டிஷ் வழக்கையாவது அவர் முழுதாகச் சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. 'பதினெட்டு வயதில் பள்ளியை விட்டேன்' என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால் படிப்பை முடித்ததாகப் பொருள் கொள்ளலாம். அதையே அமெரிக்கர் ஒருவர் கேட்டால் பாதியில் நின்றுவிட்டாரோ என்று நினைக்கக்கூடும். அயர்லாந்தில் பள்ளி இறுதித் தேர்வின் பெயரே 'லீவிங் சர்ட்டிபிகேட்'. நம்முடைய எஸ்.எஸ்.எல்.சி.யில் இருக்கும் 'எல்' என்ற எழுத்தும் அந்த 'லீவிங்'தான். இவ்வளவும் ஒரு பத்தியில் அடங்கும் செய்தி. அதைச் சொல்லியிருந்தால் படிக்கிற பிள்ளைக்குப் பயன்பட்டிருக்கும்.

பயன் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்களோடு முடித்த மாணவி ஒருத்தி, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தானே விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிவிட்டு, பிறகு என்னிடம் வந்தாள். 'கிராஜுவேஷன் தேதி' என்ற கட்டத்தில் 'பொருந்தாது' என்று எழுதியிருந்தாள். 'டிப்ளமா பெற்றீரா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று பதில் அளித்திருந்தாள். பாலிடெக்னிக்கில் படித்தால் கிடைப்பதுதான் அவளுக்குத் தெரிந்த டிப்ளமா, அங்கே கேட்டதோ பள்ளியை முடித்ததற்கான சான்றிதழ். 'டிரான்ஸ்கிரிப்ட்' கேட்டதற்கு மாற்றுச் சான்றிதழின் நகலை இணைத்திருந்தாள். அவர்கள் எதிர்பார்த்தது, பள்ளியே முத்திரையிட்டு நேரடியாக அனுப்பும் மதிப்பெண் பதிவேடு. பள்ளிப் படிப்பை முடிக்காதவர் என்ற கணக்கில் அவளுடைய விண்ணப்பம் பரிசீலனைக்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டபோது, பட்டம் வாங்காமல் கிராஜுவேட் என்று சொல்லக்கூடாது எனத் தங்கள் இணைப்பில் முன்பு வந்த ஒரு துணுக்கை எடுத்துக் காட்டினாள். அதைக் கத்தரித்துக் கொடுத்தவர் யார் என்று தாங்கள் கேட்கக்கூடும், அவளுடைய வகுப்பாசிரியர். அவரும் தங்கள் வாசகர்தான்.

இதே பகுதியில் ஒருமுறை, 'அண்டர்கிராஜுவேட்' என்றால் இளநிலைப் பட்டம் பெற்றவர் என்று போட்டிருந்தீர்கள். இளநிலைப் பட்டத்துக்கு 'அண்டர்கிராஜுவேட் டிகிரி' என்ற பெயர் உண்டு. ஆனால் ஒருவரை 'அண்டர்கிராஜுவேட்' என்று சொன்னால் அவர் அந்தப் பட்டத்துக்காக இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார், பட்டம் கைக்கு வரவில்லை என்றே பொருள். பி.ஏ. பட்டத்தை முறையாகப் பெற்ற பின்னும் 'நான் ஓர் அண்டர்கிராஜுவேட்' என்று வேலைக்கு எழுதிப் போட்டு, படிப்பை முடித்துவிட்டு வாருங்கள் என்று பதில் பெற்றவர்களை நான் அறிவேன். இங்கே முதுநிலை மாணவருக்கு 'போஸ்ட்கிராஜுவேட்', அமெரிக்காவில் அவரே 'கிராஜுவேட் ஸ்டூடன்ட்'. தங்கள் செய்திப் பக்கத்தில் அச்சொல்லைப் 'பட்டதாரி மாணவர்' என்று மொழிபெயர்த்து, அதே செய்தியின் அடுத்த பத்தியில் பள்ளி முடித்த பிள்ளைகளையும் 'பட்டதாரிகள்' என்று எழுதினார்கள். கல்வி இணைப்பின் கணக்குப்படி பார்த்தால் அன்று பொய் சொன்னது தங்கள் செய்திப் பிரிவு என்றாகிறது. இரண்டு பிரிவுகளும் ஒரே கட்டடத்தில்தான் இயங்குகின்றன என்று நம்புகிறேன்.

'கமென்ஸ்மென்ட்' என்ற சொல் பட்ட பாட்டையும் மறக்க முடியவில்லை. ஸ்டீவ் ஜாப்ஸ் 2005இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய புகழ்பெற்ற உரையைத் 'தொடக்க விழா உரை' என்று தலைப்பிட்டு வெளியிட்டீர்கள். அது பட்டமளிப்பு விழா. ஐரோப்பாவின் இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெறுவது என்பது ஆசிரியப் பணியைத் தொடங்கும் தகுதியைப் பெறுவதாக இருந்ததால், முடிவைக் குறிக்கும் விழாவுக்குத் தொடக்கம் என்ற பெயர் வந்தது. ஹார்வர்டில் 1642இல் நடந்த முதல் பட்டமளிப்பு விழாவிலிருந்தே அமெரிக்காவில் இப்பெயர் வழங்கி வருகிறது. பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறும் மாணவர்களுக்கு எதைத் தொடங்கி வைத்தார்கள் என்று தலைப்பிட்டவருக்கு ஒரு சந்தேகமாவது வந்திருக்கலாம்.

'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுவதுதான், கல்லூரியை முடித்ததற்கு அதைப் பயன்படுத்துவது வெட்கக்கேடு என்றும் ஒருமுறை கேலி செய்தீர்கள். பிரிட்டனில் இராணுவப் பயிற்சியை முடித்து வெளிவரும் வீரர்களுக்கு 'பாஸிங் அவுட்' அணிவகுப்பு நடத்துகிறார்கள். அவர்கள் மயங்கி விழுவதில்லை. விண்ணப்பத்தில் அதை எழுத வேண்டாம், வெளிநாட்டவர் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று நானும் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. அறிவுரை வேறு, ஏளனம் வேறு. 'மெட்ரிகுலேஷன்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பதிவேட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. ஆக்ஸ்போர்டில் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் மாணவருக்கு அது நடக்கிறது. நம் நாட்டில் பல்கலைக்கழக நுழைவுக்கான தேர்வாகத் தொடங்கிப் பத்தாம் வகுப்பின் பெயராக நிலைத்தது. தென்னாப்பிரிக்காவில் பள்ளியின் கடைசி ஆண்டே 'மெட்ரிக்'. இவர்களில் யாரைப் பொய்யர் வரிசையில் நிறுத்தப் போகிறார் தங்கள் கட்டுரையாளர்?

எம்.ஏ. என்றால் எங்கும் இரண்டாவது பட்டம் என்று அவர் அடித்துச் சொன்னதையும் இத்துடன் சேர்த்துக்கொள்கிறேன். ஸ்காட்லாந்தின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களில் கலைப் பிரிவின் முதல் பட்டமே எம்.ஏ.தான். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பி.ஏ. பெற்றவர்கள், குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்ததும், மேற்கொண்டு எந்தத் தேர்வும் எழுதாமலே எம்.ஏ. பட்டத்தைப் பெறுகிறார்கள். தனியொருவர் தம்மை 'அலும்னி' என்று சொல்லிக்கொள்ளக்கூடாது, ஆணாயின் 'அலும்னஸ்', பெண்ணாயின் 'அலும்னா' என்று அவர் எழுதியது மட்டும் சரி. அதை மறுக்க நான் வரவில்லை.

இவற்றில் சிலவற்றைக் குறித்து முன்பே தங்களுக்கு எழுதியிருக்கிறேன். ஒரு கடிதத்துக்கு, 'தங்கள் மேலான ஆதரவுக்கு நன்றி, தொடர்ந்து படியுங்கள்' என்று அச்சடித்த பதில் வந்தது. தொடர்ந்து படித்ததன் விளைவுதான் இந்தக் கடிதம். ஆங்கிலம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் தங்கள் இணைப்பை நம்பி விண்ணப்பம் நிரப்புவதில்லை. அவர்களுக்குக் கேட்டுச் சொல்ல ஆள் இருக்கிறது. வேறு யாரும் இல்லாத பிள்ளைதான் அச்சில் வந்ததை அப்படியே நம்புகிறது. அந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான் தங்கள் இதழ் பொய்யர் என்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அப்பகுதியில் ஒரு சொல்லுக்குப் பொருள் தரும்போது, அது பிரிட்டிஷ் வழக்கா, அமெரிக்க வழக்கா, இந்திய வழக்கா என்று பக்கத்தில் ஒரு சொல்லில் குறித்தால் போதும். 'கிராஜுவேட்', 'டிப்ளமா', 'டிரான்ஸ்கிரிப்ட்' ஆகிய மூன்றுக்கும் இரு நாட்டு வழக்கையும் விளக்கி ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம். மேலே சொன்ன மாணவி இந்த ஆண்டு மறுபடியும் விண்ணப்பிக்கிறாள். அவளுக்கு நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றாலும், தங்கள் இதழில் வந்ததைத்தான் அவளுடைய வகுப்பாசிரியர் ஏற்றுக்கொள்வார். ஆகவே, விண்ணப்பங்களுக்கான கடைசித் தேதிகள் முடிவதற்குள் அத்திருத்தம் வெளிவந்தால் நன்று.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்