பிசகிய ஒரு சொல்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆய்வுக்கு ஒரே மொழி போதும், மொழிபெயர்ப்புச் செலவாவது மிஞ்சும் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. வேதியியல் ஆய்வு மாணவியான எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பொதுமொழி இருந்த காலத்தையும் உலகம் பார்த்துவிட்டது. ஐரோப்பிய அறிஞர்களுக்கு லத்தீன்தான் பொதுமொழி. நியூட்டனின் ‘பிரின்சிப்பியா’ 1687-இல் அதில்தான் வந்தது. ஆனால் லத்தீனை நன்றாக அறிந்த கலிலியோ, 1632-இல் தன் ‘உரையாடல்’ நூலை இத்தாலிய மொழியில் எழுதினார். பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தவர்களும் படிக்க வேண்டும் என்ற அக்கறைதான். அப்புறம் செயற்கை மொழிகள் வந்தன. 1887-இல் வந்த எஸ்பெராண்டோவை இன்றும் பேசுகிறார்கள். ஆனால் ஆய்வுக்கு அது பொதுமொழி ஆகவில்லை.

மொழிபெயர்ப்பை வெறும் செலவாகப் பார்ப்பதுதான் என் வருத்தம். 1869-இல் மெண்டலீவ் தனிமங்களின் ஆவர்த்தன முறையை ரஷ்ய மொழியில் வெளியிட்டார். அதன் ஜெர்மன் சுருக்கத்தில் ‘ஆவர்த்தன’ என்று வரவேண்டிய இடத்தில் ‘படிப்படியான’ என்று பொருள்படும் சொல் விழுந்துவிட்டது. படிப்படியாக என்றால் ஏறிக்கொண்டே போவது. ஆவர்த்தனம் என்றால், சில தனிமங்களைத் தாண்டியதும் பழைய பண்புகள் திரும்ப வருவது. கண்டுபிடிப்பின் உயிரே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது! யார் முதலில் கண்டது என்று ஜெர்மன் வேதியியலாளர் லோத்தர் மேயருடன் பின்னால் எழுந்த சர்ச்சையிலும் இந்தப் பிசகு புகுந்தது. வேதியியலும் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் அந்தச் சுருக்கத்தை ஒருமுறை பொறுமையாகப் பார்த்திருந்தால் போதும்.

ஒரே மொழி என்றால் இந்தச் சிக்கலே இல்லையே என்பார்கள். சரி, அந்தச் சுமை யார் தலையில்? ஓர் ஆய்விதழுக்கு நான் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய முதல் கட்டுரைக்கு அதன் மதிப்பீட்டாளர் எழுதிய பதில் மூன்றே வரி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரிடம் காட்டித் திருத்தி வாருங்கள் என்றிருந்தது. எட்டு மாதம் செய்த சோதனையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அன்று இரவு முழுக்க வாக்கியங்களைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன், முடிவுகளை அல்ல.

ஆங்கிலத்தில் எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. கூடவே எழுதியவரின் மொழியிலும் ஒரு பக்கச் சுருக்கத்தை ஆய்விதழ்கள் வெளியிடட்டும். மொழிபெயர்ப்பவருக்கு உரிய கூலி கொடுக்கட்டும். நீங்களும் ஆய்வுச் செய்திகளைத் தமிழில் போடும்போது, மொழிபெயர்த்தவர் பெயரைச் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி