‘நாலு மாத ஊசி’ என்று கேட்டிருக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வளர்முக நாடுகளின் பெற்றோருக்குத் தடுப்பூசி பற்றி என்ன தெரியும் என்று கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. மகள் வாசித்துக் காட்டினாள், பிறகு நானே இரண்டு தடவை வாசித்தேன். நல்ல விஷயங்களும் இருந்தன. ஆனால் நடுவில், தேயிலைத் தோட்டத்துத் தாய்மார் பலருக்கு, ஐந்து நோய்க்கு ஒன்றாகப் போடும் ‘ஐங்கூட்டுத் தடுப்பூசி’ என்றால் என்னவென்றே தெரியாது என்று ஒரு வரி. அதுதான் இன்னும் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது.

நான் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் 26 வருடம் ஆயாவாக இருந்தவள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்தில் அந்த ஐங்கூட்டு ஊசிக்கு மாதம்தான் பெயர். ரெண்டு மாத ஊசி, நாலு மாத ஊசி, ஆறு மாத ஊசி. கட்டுரையாளர் அப்படிக் கேட்டிருந்தால், அன்று ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், தொடை தடிக்கும், பரசிட்டமோல் பாணி எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று வாசலில் நின்றே சொல்லியிருப்பார்கள். காசநோய்க்காகப் பிறந்தவுடன் போடும் பீ.சீ.ஜீ. ஊசி இடது கையில் தழும்பு விடாவிட்டால் திரும்பப் போட வேண்டும் என்பதும் தெரியும். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அந்த இடத்தை விரலால் தடவிப் பார்க்காத தாயை நான் கண்டதில்லை. ஊசி விபரம் எழுதிய கிளினிக் கொப்பியை அடையாள அட்டையோடும் ஈ.பி.எப். என்ற சேமலாப நிதிக் கடிதத்தோடும் சேர்த்து பொலித்தீன் பையில் சுற்றி, அந்தப் பையை அரிசி வாளிக்குள் வைப்பார்கள். தகரம் ஒழுகி வீட்டில் எது நனைந்தாலும் அது நனையாது.

அந்தக் கிளினிக்குக்குப் போவதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்று கட்டுரையில் இல்லை. எங்கள் தோட்டத்தில் கிளினிக் நாளில் அரை பேர்தான் விழும், அதாவது அரை நாள் சம்பளம்தான். காலையில் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய், பாதியில் ஓடிவந்து, கொழுந்துக் கறை போகாத கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போவார்கள். போகாமல் விட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

2008 உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நீங்கள் பத்திரிகை நடத்துகிறவர்கள். அந்த வருடம் ஜனவரியில்தான் ஐந்து நோய்க்கும் ஒரே ஊசியாக இந்த ஐங்கூட்டு ஊசி வந்தது. தொண்டைக்கரப்பான், கக்குவான், ஏற்புவலி, ஈரல் அழற்சி பி, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும் ஹிப் கிருமி, இந்த ஐந்துக்கும். ஊசி போட்ட சில குழந்தைகள் இறந்ததாகச் செய்தி வந்து, ஏப்ரலில் அரசாங்கமே அதை நிறுத்தியது. பழையபடி தொண்டைக்கரப்பான், கக்குவான், ஏற்புவலி மூன்றுக்குமான முக்கூட்டு ஊசியும் ஈரல் அழற்சி ஊசியும் தனித்தனியாகப் போட்டார்கள். அப்போது ஏற்கெனவே ஊசி போட்ட பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் என்னிடம் வந்து கேட்டார்கள், ஆயாம்மா, எங்கள் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே என்று. எனக்கு என்ன தெரியும்? கிளினிக்கில் போய்க் கேட்டேன். “அதெல்லாம் உங்களுக்கு விளங்காது, சொன்னதைச் செய்யுங்கள்” என்று பதில் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் ஆராய்ந்து, அந்த மரணங்களுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று சொன்னதும், 2010இல் அது மறுபடி வந்ததும் எங்களிடம் யாரும் வந்து சொல்லவில்லை. சரி, சொல்லாவிட்டாலும் எங்கள் பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். பயந்துகொண்டே கொண்டுபோனார்கள். கேள்வி கேட்ட அவர்களைத்தான் அறியாதவர்கள் என்று எழுதுகிறீர்கள்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன வருடம் என் பேரனுக்கு 18 மாத ஊசிக்குத் திகதி எழுதிக் கொடுத்த துண்டு முழுக்கச் சிங்களம். கடை முதலாளியிடம் காட்டித்தான் மகள் தெரிந்துகொண்டாள். தமிழில் எழுதத் தெரிந்த ஒருவரை அந்த மேசையில் உட்கார வைக்க முடியாதா என்று எத்தனை வருடமாகக் கேட்கிறோம்.

1978இல் இந்த நாட்டில் ஊசித் திட்டம் தொடங்கியது. 1993க்குப் பிறகு இங்கே ஒரு பிள்ளைக்கும் போலியோ வரவில்லை. 2019இல் சின்னமுத்தை ஒழித்துவிட்டதாக உலகமே சான்று கொடுத்தது. அப்போது நாடு முழுக்கப் பெருமைப்பட்டது. அதில் எங்கள் பிள்ளைகளின் கையும் தொடையும் சேர்ந்துதான் இருக்கின்றன. அதை யாராவது ஒரு வரி எழுதியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

கட்டுரையோடு போட்டிருந்த படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூக்கு ஒழுக, சட்டையில்லாமல் லயத்து வாசலில் நிற்கும் ஒரு பிள்ளை. மலையகம் என்றால் எப்போதும் அந்தப் படம்தான். அந்தப் பிள்ளைக்கும் தலைசீவி, பவுடர் போட்டு, புதுச் சட்டை மாட்டிக் கிளினிக்குக்குத் தூக்கிப்போன ஒரு தாய் இருப்பாள் ஐயா.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பிறந்த நாளிலிருந்து போட வேண்டிய ஊசிகளை, சின்னமுத்து முதலியவற்றுக்கு 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் எம்.எம்.ஆர்., 12 மாதத்தில் போடும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் போடும் எச்.பி.வி. உட்பட, எந்த ஊசி எந்த நோய்க்கு என்று தமிழில் ஒரு அட்டவணையாகப் போடுங்கள். கால் பக்கம் போதும். எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும், கத்தரித்துப் பிள்ளைக் காம்பராச் சுவரில் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிள்ளைக் காம்பரா ஆயா,
மஸ்கெலியா.