வாசகசாலைக் கணினியில் டெசராக்ட் நிறுவ உதவியோருக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் ஊர் வாசகசாலையில் பைண்டு செய்து காக்கப்பட்டுவரும் 1950களின் தமிழ் மாத இதழ்த் தொகுதிகளை ஸ்கேன் செய்து முடித்து நெடுநாளாகிவிட்டது. ஆனால் அந்தப் படங்களிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுத்து, தேடிப் படிக்கக்கூடிய உரையாக மாற்றும் வேலை தொடங்காமலேயே கிடந்தது. சென்ற வாரம் அந்த வேலை தொடங்கிவிட்டது. அதற்காக படத்தில் உள்ள எழுத்துகளை அறியும் டெசராக்ட் எழுத்துணரி மென்பொருளையும், அது படங்களைத் திறக்கவும் சீராக்கவும் சார்ந்திருக்கும் லெப்டோனிகா என்ற நிரலகத்தையும் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் செயற்கூறுகளின் தொகுதி) மூலநிரலிலிருந்து, அதாவது நிரலாளர்கள் எழுதிய வரிகளிலிருந்து, கணினியில் ஓடும் வடிவத்துக்குத் தொகுத்து நிறுவ வேண்டியிருந்தது. கணினித் துறையில் படிக்காத என்னைக் கைப்பிடித்து அந்த வேலையைக் கடக்கச் செய்தவர்களுக்குப் பொதுவில் நன்றி சொல்வது என் கடமை.

ஏற்கெனவே தொகுத்து வைக்கப்பட்ட ஆயத்தப் பொதியை நிறுவியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். வாசகசாலைக் கணினியில் உள்ள உபுண்டு 22.04 இயங்குதளத்தின் பொதிக் களஞ்சியத்தில் கிடைப்பது டெசராக்ட் 4.1.1 ஆகும். 2021 நவம்பரில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு, எழுத்துகளை அடையாளம் காணும் நரம்பியல் வலைப்பின்னலுக்கான கணக்குகளை 64 பிட் எண்களுக்குப் பதிலாக 32 பிட் எண்களில் செய்வதால், உணர்தலும் பயிற்சியும் விரைவாக நடக்கின்றன. நினைவகமும் குறைவாகவே தேவைப்படுகிறது. நான்கு ஜிபி நினைவகம் மட்டுமே கொண்ட பழைய மடிக்கணினிக்கு அது பெரிய வேறுபாடு. அந்த மடிக்கணினியைத் தம் பணியிடத்தில் புதியது வந்ததும் துடைத்துச் சுத்தம் செய்து எங்களுக்குக் கொடுத்த தம்பிக்கு முதல் நன்றி.

அடுத்த நன்றி, கோவையில் மென்பொருள் பொறியாளராகப் பணிபுரியும் அக்காவுக்கு. தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே எழுதுகிறேன். தொடர்ந்து மூன்று இரவுகள், குழந்தையைத் தூங்கவைத்த பிறகு, தொலைபேசியில் எனக்காக நேரம் ஒதுக்கினார். என் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கி அரை மணி நேரத்தில் முடித்திருக்க அவரால் முடியும். அப்படிச் செய்யாமல், முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) ஓடும் வரிகளை ஒவ்வொன்றாக என்னையே உரக்க வாசிக்கச் சொன்னார்.

நான் அவரை அழைத்த நிலையைச் சொன்னால்தான் அந்த உதவியின் அளவு புரியும். டெசராக்ட்டின் மூலநிரலை இறக்கி, தொகுப்புக்கு முன் ஓட்ட வேண்டிய ஆட்டோஜென், கான்ஃபிகர் ஆகிய இரண்டு ஆயத்த நிரல்களையும் ஓட்டியபோது, லெப்டோனிகா 1.74 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு தேவை என்று சொல்லிக் கான்ஃபிகர் நின்றுவிட்டது. உபுண்டுவின் களஞ்சியத்திலேயே உள்ள லெப்டோனிகாவின் ‘டெவ்’ பொதியை நிறுவினால் போதும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இயங்கும் நிரலகம் ஒரு பொதியிலும், அதைக் கொண்டு வேறொன்றைத் தொகுக்கத் தேவையான தலைப்புக் கோப்புகள் (நிரலகத்தில் என்னென்ன செயற்கூறுகள் உள்ளன என்று சொல்பவை) ‘டெவ்’ என்று முடியும் தனிப் பொதியிலும் இருக்கின்றன என்பதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆகவே லெப்டோனிகாவையும் மூலநிரலிலிருந்தே தொகுத்தேன். எந்தப் பிழையும் வரவில்லை. பிறகு டெசராக்ட்டும் பிழையின்றித் தொகுக்கப்பட்டு நிறுவப்பட்டது.

ஓட்டிப் பார்த்தபோது, நிரலகக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்றது. கோப்போ ‘யூஎஸ்ஆர் லோக்கல் லிப்’ அடைவில் கண்ணெதிரே இருந்தது. பகிர்வு நிரலகங்கள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியலை இயங்குதளம் முன்கூட்டியே தொகுத்து வைத்திருக்கிறது என்றும், புதிதாக ஒன்றை நிறுவியதும் ‘எல்டி கான்ஃபிக்’ கட்டளையால் அந்தப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும் என்றும் அக்கா விளக்கினார். ஒரே கட்டளையில் அது தீர்ந்தது.

அடுத்து வந்த சிக்கல்தான் என்னை இரண்டு வாரம் முடக்கிப் போட்டிருந்தது. எங்கள் பக்கங்கள் அனைத்தும் டிஃப் என்ற படக்கோப்பு வடிவத்தில் இருந்தன. எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் ‘ஃபங்ஷன் நாட் பிரசென்ட்’ (செயற்கூறு இல்லை) என்ற செய்தியுடன் டெசராக்ட் நின்றது. கோப்பு கெட்டிருக்கிறதோ என்று எண்ணிச் சில பக்கங்களை மறுபடி ஸ்கேன் செய்தும் பயனில்லை. அக்கா, டெசராக்ட்டின் பதிப்பைக் காட்டும் கட்டளையை ஓட்டி, வரும் வரிகளை வாசிக்கச் சொன்னார். முதல் வரியில் டெசராக்ட்டின் பதிப்பு. அடுத்த வரியில் லெப்டோனிகாவின் பதிப்பு. அதற்கடுத்த வரியில், லெப்டோனிகா தன்னுடன் இணைத்துக்கொண்ட பட நிரலகங்களின் பெயர்கள். “அந்த மூன்றாவது வரியில் லிப்டிஃப் இருக்கிறதா?” என்று கேட்டார். இல்லை.

லெப்டோனிகாவைத் தொகுக்கும்போது டிஃப், பிஎன்ஜி, ஜேபெக் முதலிய வடிவங்களுக்கான நிரலகங்களின் தலைப்புக் கோப்புகள் கணினியில் இல்லாவிட்டால், அது பிழை காட்டி நிற்பதில்லை. அந்த வடிவங்களைப் படிக்கும் செயற்கூறுகளுக்குப் பதிலாக, பெயர் மட்டும் கொண்ட வெற்றுச் செயற்கூறுகளை வைத்துவிட்டுத் தொகுப்பை முடித்துவிடுகிறது. அதனால் டெசராக்ட்டும் குறையின்றி இணைந்துவிடுகிறது. ஒரு படத்தைத் திறக்கும் நொடியில்தான் உள்ளே ஒன்றுமில்லை என்பது தெரியவருகிறது. கான்ஃபிகர் ஓடும்போது கடந்துபோன நூற்றுக்கணக்கான வரிகளில் டிஃப் பற்றிய வரியின் முடிவில் ‘நோ’ என்று மட்டும் எழுதியிருந்தது. மறுமுறை ஓட்டி நான் உரக்க வாசித்துவந்தபோது அந்தச் சொல்லில் அக்கா என்னை நிறுத்தினார்.

லிப்டிஃப், லிப்பிஎன்ஜி, லிப்ஜேபெக், இசட்லிப் ஆகியவற்றின் ‘டெவ்’ பொதிகளை நிறுவி, பழைய தொகுப்பை ‘மேக் கிளீன்’ கட்டளை கொடுத்து அகற்றி, கான்ஃபிகர் முதல் நிறுவுதல் வரை லெப்டோனிகாவை மட்டும் மறுபடி செய்தோம். டெசராக்ட்டைத் தொடவே தேவையிருக்கவில்லை. முதல் பக்கத்தின் தலைப்பு முனையத்தில் தமிழில் வந்து விழுந்தபோது இரவு பன்னிரண்டு மணி கடந்திருந்தது. மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர், அந்தப் பக்கத்தை முழுவதும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் தொலைபேசியை வைத்தார்.

அந்தப் பக்கத்தில் பிழைகளும் இருந்தன. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முன் அச்சான இதழ்களில் ணா, றா, னா ஆகியவை காலின்றி ஒரே எழுத்தாகச் சுழித்தும், ணை, லை, ளை, னை ஆகியவை முன்பக்கம் துதிக்கை போன்ற கொம்புடனும் இருக்கும். ஒருங்குறியில் (யூனிகோடில்) பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் ஒரே குறியீடுதான். வேறுபடுவது அச்சு வடிவம் மட்டுமே. இன்றைய எழுத்துருக்களைக் கொண்டு உருவாக்கிய படங்களால் பழைய வடிவத்தைக் கற்பிக்க முடியாது. பழைய அச்சின் வரிப் படங்களையும் அவற்றுக்குரிய சரியான உரையையும் சேர்த்துத்தான் கற்பிக்க வேண்டும்.

அதற்குரிய பயிற்சிக் கருவிகளைத் தனியாகத் தொகுக்க வேண்டும். ஐசியூ, பாங்கோ, கெய்ரோ ஆகிய நிரலகங்களின் ‘டெவ்’ பொதிகள் இல்லையென்றால், பயிற்சிக் கருவிகளைத் தொகுக்க இயலாது என்று டெசராக்ட்டின் கான்ஃபிகர் தன் கடைசி வரிகளில் தெளிவாகவே சொல்லிவிடுகிறது. எல்லா நிரலகங்களும் இப்படிச் சொல்லிவிட்டால் என்னைப் போன்ற எத்தனையோ பேருக்குப் பேருதவியாக இருக்கும். தொடக்கமாகக் கொள்ளும் தமிழ்த் தரவுக் கோப்பை ‘பெஸ்ட்’ தொகுப்பிலிருந்தே எடுக்க வேண்டும். முழு எண்ணாகச் சுருக்கப்பட்ட ‘ஃபாஸ்ட்’ தொகுப்பின் மேல் மேற்பயிற்சி நடக்காது. இதை எனக்கு நினைவூட்டியவரும் அக்காதான்.

வரிப் படங்களுக்குரிய உரையைத் தட்டச்சு செய்து தந்தவர்கள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இருவர். மாலை தோறும் வாசகசாலைக்கு வந்து, ஒருவர் படத்தைப் பார்த்து வாசிக்க மற்றவர் தட்டச்சு செய்ய, பிறகு இடம் மாறி மெய்ப்புப் பார்த்தார்கள். அச்சுப் பிழையைத் திருத்தத் துடிக்கும் கைகளை அடக்கிக்கொண்டு, படத்தில் உள்ளதை உள்ளபடியே தட்டச்சு செய்தது எளிதன்று. ஒரு நாள், சந்திப்பிழையான ஒரு சொல்லைத் திருத்திவிட்ட ஐயா, வீட்டுக்குப் போன பின் நினைவு வந்து, மறுபடி நடந்து வந்து அதைப் பழையபடியே மாற்றிவிட்டுப் போனார். இன்று எங்கள் பயிற்சித் தரவு பழைய ‘றா’வைப் பெரும்பாலும் சரியாக அறிகிறது, ‘ணை’யிலும் ‘னை’யிலும் இன்னும் தடுமாற்றம் உண்டு, வரிகளைக் கூட்டி வருகிறோம்.

முகம் பாராதவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1985 முதல் ஹியூலட்-பேக்கர்ட் ஆய்வகங்களில் உருவாகி, 2005இல் திறமூலமாக வெளியிடப்பட்ட டெசராக்ட்டை 2018 வரை முன்னின்று வளர்த்த ரே ஸ்மித் அவர்களுக்கும், அதன் பின் அதைக் காத்துவரும் ஸ்டெஃபான் வைல், ஸ்டெங்கோ பொடோப்னி ஆகியோருக்கும், லெப்டோனிகாவை எழுதிய டான் புளூம்பெர்க் அவர்களுக்கும் எங்கள் சிறு வாசகசாலையின் பணிவான வணக்கம்.

நிறைவாக, எங்கள் நூலகர் அம்மாவுக்கு. பூட்டும் நேரம் கடந்த பின்னும் சாவியை என்னிடம் நம்பி ஒப்படைத்தார். நிறுவிய முறை முழுவதையும், எந்தக் கட்டளை எதற்கு என்ற விளக்கத்துடன், தமிழில் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னவரும் அவரே. அந்த நோட்டுப் புத்தகம் கணினிக்கு அருகிலேயே இருக்கிறது. தங்கள் ஊர் நூலகத்தின் பழைய இதழ்களுக்கு இதே வேலையைச் செய்ய விரும்புவோர் மாலை ஐந்து மணிக்கு மேல் வந்து அதைப் படியெடுத்துக்கொள்ளலாம்; நானும் உடன் இருப்பேன்.

நன்றியுடன்,
வாசகசாலைத் தன்னார்வலர்