டேங்கர் லாரியின் ‘இன்’

பொள்ளாச்சி

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. இங்கே தென்னைக்கு வந்த வெள்ளை ஈ இன்னும் அடங்கவில்லை. மற்றபடி எல்லோரும் நலம்.

கொழிஞ்சாம்பாறை மாலை வகுப்பில் ‘இன்’ என்று தொடங்கும் ஆங்கிலச் சொல்லுக்கெல்லாம் பிள்ளைகள் ‘இல்லை’ என்றே பொருள் சொல்வதாக எழுதியிருந்தாய். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. லத்தீனிலேயே ‘இன்’ இரண்டு உண்டு: ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பொருள், மற்றதற்கு ‘உள்ளே’. ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டன.

வாளையாறு வழியாகப் போகும் பெட்ரோல் டேங்கர்களையே பாடமாக எடு. பின்புறம் ‘ஹைலி இன்ஃபிளேமபிள்’ என்று எழுதியிருக்கும். அதைத் ‘தீப்பிடிக்காதது’ என்று படித்தால் தொலைந்தோம். பிழை, சொல்லைப் பிரிக்கும் இடத்தில் இருக்கிறது. இன் + ஃபிளேமபிள் என்று பிரிக்கக் கூடாது. இன்ஃபிளேம் + ஏபிள். இன்ஃபிளேம் என்றால் தீமூட்டு. இந்தக் குழப்பத்துக்கு அஞ்சித்தான் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களில் ‘ஃபிளேமபிள்’ என்றே எழுதச் சொன்னது.

ஆகவே தலையை வெட்டுவதற்கு முன் வாலை வெட்டச் சொல். ‘ஏபிள்’ போனபின் ‘இன்’னோடு சேர்ந்து ஒரு வினைச்சொல் நின்றால், அங்கே ‘இல்லை’ கிடையாது. இன்ஹேபிட் (குடியிரு) நிற்கிறது. எனவே இன்ஹேபிட்டபிள் என்றால் குடியிருக்கத் தக்கது. தகாததற்கு அன்இன்ஹேபிட்டபிள். ‘இன்க்யூர்’ என்று வினையே இல்லை. எனவே இன்க்யூரபிள் குணமாகாதது. இன்வேல்யுவபிள்தான் கொஞ்சம் குறும்புக்காரச் சொல்: அதிலும் ‘இல்லை’ இருக்கிறது, ஆனால் இல்லாதது மதிப்பு அல்ல, மதிப்பிட முடிவது. விலைமதிக்க முடியாதது என்று பொருள். ‘உதவாதது’ என்று எழுதும் பிள்ளை நிச்சயம் இருக்கும்.

அடுத்து புணர்ச்சி. மரம் + கள் ‘மரங்கள்’ ஆவது தெரிந்த பிள்ளைகளுக்கு இது எளிது. ‘எல்’ (L) எழுத்துக்கு முன் ‘இல்’ (இல்லீகல்), ‘ஆர்’ (R) எழுத்துக்கு முன் ‘இர்’ (இர்ரெகுலர்), ‘எம்’ (M), ‘பி’ (P) எழுத்துகளுக்கு முன் ‘இம்’ (இம்பாசிபிள்). ‘உள்ளே’ என்ற ‘இன்’னும் அப்படியே மாறும் என்பதை மறக்காமல் சொல். இம்போர்ட் உள்ளே கொண்டுவருவது. இர்ரிகேஷனில் இருப்பதும் அதே ‘உள்ளே’தான், ஆழியாற்றுத் தண்ணீர் பாயும் ஊரில் அதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இன்ஃபேமஸ் மட்டும் தனியாக மனப்பாடம் செய்யட்டும். பெயர் தெரியாதவன் அல்ல, கெட்ட பெயர் எடுத்தவன்.

‘அன்’ பற்றிக் கேட்டிருந்தாய். அன்ஹேப்பியில் ‘இல்லை’, அன்லாக்கில் பூட்டியதைத் திறப்பது. அது தனிக் கதை, அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அதற்குள் பிள்ளைகள் எந்தச் சொல்லில் இடறுகிறார்கள் என்று குறித்து அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்